ஆமணக்கெண்ணெயிலிருந்து பிளாஸ்டிக்

மலைநாட்டுக் கமக்காரர்களே! மரக்கறிப் பாத்தியின் ஓரத்திலும் லயத்தின் பின்புறத்திலும் தானே முளைத்து நிற்கும் ஆமணக்கை நீங்கள் அறிவீர்கள். பேதி மருந்துக்கும் விளக்குக்கும் பயன்பட்டு வந்த அதன் எண்ணெய், பொலியூரத்தேன் என்னும் பிளாஸ்டிக் செய்வதற்கும் உதவுகின்றது. மெத்தை, சப்பாத்தின் அடிப்பாகம், தரைப்பூச்சு முதலியவற்றில் நாம் காண்பது இப்பொருளே.

1937 ஆம் ஆண்டில் ஜேர்மனியில் ஒற்றோ பேயரும் அவருடன் உழைத்தோரும் இதனைக் கண்டறிந்தனர். இரு பொருள்கள் கூடியே இது உண்டாகும். ஒன்று, பெற்றோலிய வழிப் பொருளாகிய ஐசோசயனேற்று. மற்றையது, ஐதரொட்சில் என்னும் பிடிகளையுடைய எண்ணெய். அப்பிடிகளை ஐசோசயனேற்று பற்றிக்கொள்ள, மூலக்கூறுகள் வலைபோலப் பின்னி இறுகும். சிறிது நீர் சேர்ப்பின் காபனீரொட்சைட்டு வாயு தோன்றி, அப்பமா பொங்குவதுபோலக் கலவை பொங்கும். மெத்தை நுரை இவ்வாறே பிறக்கின்றது.

சோயா எண்ணெயில் இப்பிடிகள் இல்லை. ஆலையில் அவற்றை ஏற்றல் வேண்டும். தேங்காயெண்ணெயில் ஏற்றுவதோ இன்னும் கடினம். ஆமணக்கில் அவ்வேலையைச் செடியே செய்து தருகின்றது. அதன் கொழுப்பமிலங்களுள் நூற்றுக்கு 85 முதல் 90 பங்கு வரை ரிசினோலெயிக்கமிலம். அதன் ஒவ்வொரு மூலக்கூறிலும் ஒரு பிடி உண்டு.

இதனை வீட்டிற் செய்து பார்க்கலாமா எனின், கூடாது. ஐசோசயனேற்றின் ஆவி நுரையீரலைத் தாக்கி, ஆஸ்துமாவையும் உண்டாக்கும். கமக்காரர் பங்கு விதையோடு நின்றுவிடுகின்றது. அவ்விதையையும் உலகிற் பெருமளவில் விளைவிப்பது இந்தியா, சிறப்பாகக் குஜராத் மாநிலம். ஆகவே, வாங்குவோர் எவரென அறியாமல் லீக்ஸையும் கரட்டையும் பிடுங்கிவிட்டு ஆமணக்கு நடுவது அறிவுடைமையாகாது. உறைபனி விழும் நுவரெலியாவில் செடி கருகும். ஹற்றனுக்குக் கீழுள்ள வெப்பமான சரிவுகளில் வேலியோரமாக வளர்த்துப் பார்க்கலாம்.

விதையிலுள்ள ரிசின் கொடிய நஞ்சு. எண்ணெய் பிழிந்தபின் அது புண்ணாக்கிலே தங்கிவிடும். அப்புண்ணாக்கு நைதரசன் மிகுந்த நல்ல எருவாகும்; வயலுக்கும் மரக்கறிக்கும் இடலாம். ஆனால் மாட்டுக்கு ஒருபோதும் வைக்காதீர்கள். நாய்கள் அதனை விரும்பித் தின்று மாண்டுபோவதுண்டாதலால், இட்டவுடன் மண்ணால் மூடிவிடுங்கள். புள்ளியிட்ட அழகிய விதைகளைப் பிள்ளைகள் விளையாட்டாகவும் மெல்லக்கூடும். மென்றுவிட்டால், வாந்தி வரும்வரை காத்திராமல், மீதி விதையையும் எடுத்துக்கொண்டு உடனே அரசினர் வைத்தியசாலைக்குச் செல்லுங்கள்.