இளமையைத் தரும் குளிசையா?

நோன்புப் பெருநாளுக்குக் கட்டாரிலிருந்து வந்த மாமா, உம்மம்மாவுக்கு ஒரு போத்தல் குளிசை கொண்டுவந்தார். "இதைக் குடிச்சா குமர்ப்பிள்ளை மாதிரி பசறை டவுனுக்கு ஏறி இறங்கலாம்" என்றார். சுஜூதுக்குப் போக முழங்கால் மடங்காத உம்மம்மாவுக்கு வேறென்ன வேண்டும்? வீட்டில் உயிரியல் படிப்பவள் நான் என்பதால் லேபலை வாசிக்கும் வேலை எனக்கு. அதிலிருந்த பெயர் டி.எச்.ஈ.ஏ.

சிறுநீரகங்களின் மேல் தொப்பிபோல் அமர்ந்திருக்கும் அதிரீனல் சுரப்பிகள் சுரக்கும் ஓமோன் இது. இதிலிருந்து உடல் ஈஸ்திரஜன், தெஸ்தெஸ்தெரோன் ஆகியவற்றை ஆக்கிக்கொள்கிறது. இருபதுகளில் உச்சத்தில் இருந்து, பின்னர் படிப்படியாகக் குறையும். குறைந்ததை நிரப்பினால் இளமை திரும்பும் என்ற நம்பிக்கை இங்கிருந்துதான் வந்தது. நரையும் வயதோடுதான் வருகிறது. சாயம் பூசியவர் எவருக்கும் வயது குறையவில்லையே!

அமெரிக்காவின் மாயோ கிளினிக்கில் ஸ்ரீகுமாரன் நாயர் தலைமையிலான குழு இதைச் சோதித்துப் பார்த்தது. முதியோரில் 87 ஆண்கள், 57 பெண்கள். காலம் 2 ஆண்டுகள். சிலருக்கு ஓமோன், சிலருக்கு மருந்தில்லாத வெற்றுக் குளிசை. முடிவு 2006இல் வெளியானது. இரத்தத்தில் ஓமோன் அளவு உயர்ந்தது உண்மை. ஆனால் உடல் வலிமையோ வாழ்க்கைத் தரமோ உயரவில்லை.

பயனில்லாவிட்டாலும் பாதகமில்லையே என்று உம்மா கேட்டார். அதற்கும் ஒரு பதில் உண்டு. மாதவிடாய் நின்ற 16,608 பெண்களிடம் ஈஸ்திரஜனும் புரொஜெஸ்ரினும் சேர்ந்த குளிசையைச் சோதித்த அமெரிக்க ஆய்வொன்று 2002இல் இடைநடுவே நிறுத்தப்பட்டது. ஆண்டொன்றுக்கு 10,000 பெண்களில் இடுப்பெலும்பு முறிவு 5 குறைந்தது. மார்புப் புற்றுநோய் 8, பாரிசவாதம் 8, மாரடைப்பு போன்ற இதய நோய் 7 கூடின. இது வேறு குளிசைதான். என்றாலும் ஓமோன் என்பது விற்றமின் சத்து அல்ல என்பதை நான் இங்கேதான் விளங்கிக்கொண்டேன்.

ஓமோன் மருந்து எல்லாமே வீண் என்றும் சொல்ல முடியாது. தைரொயிட் குறைபாடு உள்ளவருக்குத் தைரொட்சின் கட்டாயம் வேண்டும். அங்கே இரத்தம் பரிசோதித்து, நோயைக் கண்டு, அளவு பார்த்து வைத்தியர் கொடுக்கிறார். எங்கள் போத்தலைக் கொடுத்தது மாமா.

அடுத்த கிளினிக் நாளில் பிரஷர் குளிசைகளோடு அதையும் கொண்டுபோய்க் காட்டினோம். டொக்டர் வேண்டாமென்றார்; தொடைத் தசைக்குப் பயிற்சி சொல்லித்தந்தார். இப்போது அஸருக்குப் பின் உம்மம்மா கதிரையில் இருந்து காலை நீட்டி மடக்குகிறார். எண்ணுவது நான். பத்தைத் தாண்டி எண்ணினால் ஏச்சு விழும். போத்தல் இன்னும் அலுமாரியில் இருக்கிறது, மாமா வீடியோ கோலில் கேட்டால் காட்டுவதற்கு.