கார்டைச் சுடாதீங்க தம்பி!

நம்பிக்கை: கேம் ஆடும்போது திரையில் கோடு, கட்டம், கலர் புள்ளி வந்தால் கிராபிக்ஸ் கார்டைக் கழற்றி சமையல் அவனில் வைக்கலாம், அல்லது ஹீட் கன்னால் சூடு காட்டலாம். சரியாகிவிடும்.

உண்மை: ஆகாது. வேறு ஊரில் சொன்னால் தெரியாமல் சொல்கிறார்கள் என்று விட்டுவிடலாம். 2006இல் நோக்கியா ஆலை ஓடத் தொடங்கியதிலிருந்து போர்டு செய்து பழகிய ஸ்ரீபெரும்புதூர் இது. இங்கேயே, ஷிஃப்ட் முடித்து ரூமுக்கு வந்த பையன்கள், "எங்க லைன்லயும் போர்டை அவன்லதானே சார் விடுறோம்?" என்கிறார்கள். அதுதான் பொறுக்கவில்லை.

லைனில் அவனுக்குள் போகும் போர்டில் புது சால்டர் பேஸ்ட் இருக்கிறது. அதிலுள்ள ஃப்ளக்ஸ்தான் ஆக்சைடை நீக்கி சால்டரைப் பிடிக்க வைக்கிறது. உங்கள் பழைய கார்டில் ஃப்ளக்ஸ் எங்கே? ஈயமில்லாத சால்டர் உருக 217 டிகிரி வேண்டும். 150இலிருந்து 200 வரை நிதானமாக ஏற்றி, 245 வாக்கில் சில நொடிகள் வைத்து, பிறகு இறக்குகிறோம். தெர்மோகப்பிள் ஒட்டி புரொஃபைல் எடுக்காமல் யாரும் புது போர்டை உள்ளே விடுவதில்லை. வீட்டு அவனில் 200இல் வைத்தால் சால்டர் உருகாது. கெப்பாசிட்டர் வீங்கும், பிளாஸ்டிக் கனெக்டர் வளையும்.

"எனக்கு ஓடிச்சே!" ஓடியிருக்கும். சிப்புக்குள் சிலிக்கானை அடித்தட்டோடு சேர்க்கும் நுண்ணிய சால்டர் புடைப்புகளில் விரிசல் விட்டிருந்தால், சூட்டில் அவை கொஞ்ச நாள் தொட்டுக்கொள்ளும். பிறகு மறுபடி அதே கோடு. லேப்டாப் சிப்புகளில் பேக்கேஜிங் பலவீனத்தால் வந்த பழுதுக்காக 2008 ஜூலையில் என்விடியா 15 முதல் 20 கோடி டாலர் வரை ஒதுக்கியது. சுட்டால் தீருமென்றால் ஆளுக்கொரு அவன் வாங்கிக் கொடுத்து முடித்திருக்க மாட்டார்களா?

முதலில் ஒரு ஸ்கிரீன்ஷாட் எடுத்து போனில் பாருங்கள். அதிலும் புள்ளி இருந்தால் கார்டு, டிரைவர், கேம் மூன்றில் ஒன்று. இல்லையென்றால் பெரும்பாலும் கேபிள் அல்லது மானிட்டர். மெமரி கிளாக்கைக் குறைத்ததும் புள்ளி மறைந்தால் மெமரி சிப்பைச் சந்தேகப்படுங்கள்.

நம்பிக்கை: படம் குறுக்கே கிழிந்தால் கார்டு போச்சு.
உண்மை: கார்டின் வேகமும் மானிட்டரின் வேகமும் ஒத்துப்போகவில்லை. விசிங்க்கை ஆன் செய்யுங்கள்.

நம்பிக்கை: விண்டோஸை அழித்துப் போட்டால் எல்லாம் தீரும்.
உண்மை: ஒரே கேமில் மட்டும் வந்தால் அந்த கேம் ஃபைல்களைச் சரிபார்த்து, ஷேடர் கேஷை அழித்தால் போதும். பயாஸ் திரையிலேயே வந்தால் விண்டோஸ் மேல் பழி போடாதீர்கள்.

நம்பிக்கை: புது டிரைவர் எப்போதும் நல்லது.
உண்மை: நேற்று அப்டேட், இன்று கோளாறு என்றால் பழையதையே போடுங்கள்.

கேட்காவிட்டாலும் ஒன்று சொல்வேன்: எர்த். இந்தப் பக்கத்து வாடகை ரூம்கள் பலவற்றில் சாக்கெட்டில் மூன்று துளை இருக்கும், எர்த் கம்பி இருக்காது. கேபினட்டைத் தொட்டால் சுருக்கென்கிறதா? பவர் சப்ளை ஃபில்டரின் கசிவு மண்ணுக்குப் போக வழியில்லாமல் தகரத்தில் நிற்கிறது. லைனில் கையை எர்த்தோடு இணைக்கும் ரிஸ்ட் ஸ்ட்ராப் இல்லாமல் போர்டைத் தொட்டால் சூப்பர்வைசர் கத்துவார். ரூமில் அதே கையால் கார்டைப் பிடுங்குகிறீர்கள். தலைக்கு இவ்வளவு என்று வாடகை வாங்கும் ஹவுஸ் ஓனர் ஒரு எர்த் குழி வெட்டித் தரட்டும். வாடகை கொடுக்கும்போதே கேளுங்கள்.