மூலை கற்பித்த தேற்றம்

பிதகோரஸ் தேற்றத்தை மனப்பாடம் செய்து நான் மதிப்பெண் வாங்கியதுண்டு. அதன் பொருள் விளங்கியதோ, திருவொற்றியூரில் எங்கள் வீட்டுச் சமையலறையில்தான்.

சுவரில் டைல்ஸ் ஒட்டுமுன், கொத்தனாரான என் தந்தை மூலையிலிருந்து ஒரு சுவரில் 3 அடியும் அடுத்த சுவரில் 4 அடியும் அளந்து குறியிட்டார். குறிகளுக்கிடையே 5 அடி இருந்தால் மூலை செங்கோணம்; 9 + 16 = 25 அல்லவா? எங்கள் மூலையில் ஓர் அங்குலம் கூடுதல்! கோணம் ஏறத்தாழ 92 பாகை. தூக்குக்குண்டு விட்டுப் பார்த்தால் சுவரும் சாய்ந்திருந்தது.

"சுவரை இடிக்கணுமாப்பா?" என்றேன்.

"வேணாம்மா. கோணலை மூலைக்குள்ளேயே முடிச்சிடலாம்."

முழு டைல்களைக் கண்ணில் படும் ஓரத்திலிருந்து ஒட்டி வந்தார். மூலைத் துண்டுக்கு மேலும் கீழும் தனித்தனியே அளந்தார்: மேலே 5 அங்குலம், கீழே நாலரை. அதற்கேற்பச் சாய்வாக வெட்டி, வெட்டிய விளிம்பை மூலைப்பக்கம் வைத்தார். அடுத்த சுவரின் டைல் அதை மறைத்தது. எஞ்சிய மெல்லிய சந்தில் சிலிகான் பூசினார்; சிமெண்ட் அங்கே விரிசல் விடும், சிலிகான் வளைந்து கொடுக்கும்.

ஐந்தாம் வகுப்போடு பள்ளியை விட்டவர் என் தந்தை. தேற்றத்தின் பெயரை அன்று நான் அவருக்குச் சொன்னேன். அதன் பயனை அவர் எனக்குக் காட்டினார்.