பழைய வாகனத்துக்குப் பின் ஷொக்: விலையைப் பார்ப்பதா, ஓட்டத்தைப் பார்ப்பதா?

2020 மார்ச்சில் நம் நாட்டில் வாகன இறக்குமதி இடைநிறுத்தப்பட்டது. தனியார் வாகனங்களுக்கு மீண்டும் வழி திறந்தது 2025 பெப்ரவரியில்தான். வழி திறந்தாலும், வரிகளையெல்லாம் கட்டி ஒரு வாகனத்தை எடுப்பது சிறு வியாபாரிக்கு இலேசான காரியமல்ல. எனவே கையிலுள்ள பழைய கொரோல்லாவை, சன்னியை, டொல்பின் வேனைப் பராமரித்துத்தான் நம்மில் பலர் தொழில் செய்கிறோம்.

உதிரிப்பாகக் கடையில் நிற்பவன் என்ற வகையில், இவ்வாகனங்களில் அதிகம் கவனிக்கப்படாத பாகம் எதுவெனக் கேட்டால், பின் ஷொக் அப்சோபர் என்றே சொல்வேன். எஞ்சின் பழுதானால் வாகனம் நின்றுவிடும். அன்றைக்கே கராஜைத் தேடுவோம். ஷொக் போனால் வாகனம் நிற்காது. "கொஞ்சம் குலுக்குது, பார்ப்போம்" என்று மாதக்கணக்கில் ஓட்டுவோம். அதற்கான செலவு டயரிலும் பிரேக்கிலும் சத்தமில்லாமல் ஏறிக்கொண்டிருக்கும்.

ஷொக் சுமை தூக்காது

என் கடைக்கு வரும் வியாபாரிகள் அடிக்கடி சொல்வது இது: "நானா, சாமான் ஏத்தினா பின்பக்கம் குந்துது. நல்ல இறுக்கமான ஷொக் ஒரு சோடி தாங்க." இங்கேதான் தவறான கொள்வனவு ஆரம்பமாகின்றது.

வாகனத்தின் பாரத்தைச் சுமப்பது ஸ்பிரிங். ஷொக்கின் வேலை வேறு. பள்ளத்தில் விழுந்த ஸ்பிரிங் மேலும் கீழுமாக ஆடிக்கொண்டே இருக்கப் பார்க்கும். அந்த ஆட்டத்தை அடக்குவதுதான் ஷொக். அதனுள்ளே ஒயில் இருக்கிறது. பிஸ்டன் அசையும்போது அந்த ஒயில் சிறு துவாரங்களூடாக நெருக்கிக்கொண்டு போகிறது. ஆட்டத்தின் வேகம் வெப்பமாக மாறி வெளியேறுகிறது.

ஆகவே பின்பக்கம் குந்தினால் முதலில் பார்க்கவேண்டியது ஸ்பிரிங்கை. அது களைத்திருக்கலாம், உடைந்திருக்கலாம், அல்லது நாம் அளவுக்கு மீறி ஏற்றியிருக்கலாம். இறுக்கமான ஷொக் போட்டால் வாகனம் உயராது. வெறும் வாகனமாகத் திரும்பும்போது முதுகுதான் நோகும்.

போய்விட்டது என்று எப்படி அறிவது?

பின் மூலையைக் கையால் பலமாக அழுத்தி விடுங்கள். மேலே வந்து ஓரிரு அசைவில் நிற்கவேண்டும். தொடர்ந்து ஆடினால் ஷொக் முடிந்துவிட்டது. உடனே நின்றுவிட்டாலும் நல்லதென்று முடிவுகட்ட வேண்டாம். பாதி தேய்ந்த ஷொக் இந்தச் சோதனையில் தப்பிவிடும். டயரின் மேல் கையை ஓடவிடுங்கள். இடைக்கிடை குழி குழியாகத் தேய்ந்திருந்தால் சில்லு வீதியில் துள்ளித் துள்ளி ஓடுகிறது என்று அர்த்தம். ஷொக்கின் உடம்பில் மெல்லிய ஒயில் பூச்சு இருப்பது குற்றமில்லை. நனைந்து வழிந்தால் மாற்றவேண்டும்.

சுமார் 80,000 கிலோமீற்றரில் மாற்றுவது பற்றி யோசிக்குமாறு சில உற்பத்தியாளர்களே கூறுகின்றனர். நம் கிராமப் பாதைகளில் சரக்கோடு ஓடும் வாகனத்துக்கு அதற்கு முன்னரே தேவைப்படலாம்.

கண்டியிலிருந்து மஹியங்கனைக்கு 18 வளைவு வழியாக இறங்கும் நம் வியாபாரிகளுக்கு இதை விசேடமாகச் சொல்கிறேன். இறக்கத்தில் பிரேக் பிடிக்கும்போது பாரம் முன்னுக்குச் சாய்கிறது. பின் சில்லின் பிடி குறைகிறது. ஷொக்கும் போயிருந்தால், ஈர வீதியில் அந்தச் சில்லு நிலத்தைத் தொட்டும் தொடாமலும் ஓடும். அங்கே சேமித்த காசு எதற்கும் உதவாது.

ரீகண்டிஷனா, ஒயில் நிரப்பியதா, புதியதா?

பஞ்சிகாவத்தையில் ஜப்பானில் கழித்த வாகனங்களின் பாகங்கள் தாராளமாகக் கிடைக்கின்றன. கதவு, விளக்கு, கியர் பொக்ஸ் போன்றவற்றைப் பார்த்து வாங்கினால் நல்ல இலாபம். ஆனால் ஷொக் தேய்கின்ற பொருள். பாவித்த ஷொக் வாங்குவது பாவித்த சவர்க்காரம் வாங்குவது போன்றது. எவ்வளவு மிச்சமிருக்கிறது என்பது விற்பவருக்கும் தெரியாது.

வெட்டித் திறந்து ஒயில் நிரப்பி ஒட்டிக் கொடுப்பவர்களும் உள்ளனர். புது ஒயில் போட்டாலும் உள்ளேயுள்ள வால்வும் சீலும் பழையவையாகவே இருந்தால், கொஞ்ச நாளில் பழைய கதைதான்.

கணக்கைப் பாருங்கள். பேச்சுக்கு, பாவித்த சோடி 16,000 ரூபா, கூலி 6,000, ஓட்டம் 15,000 கிலோமீற்றர் என்று வைப்போம். கிலோமீற்றருக்கு சுமார் 1 ரூபா 47 சதம். புதிய சோடி 40,000, அதே கூலி, ஓட்டம் 60,000 கிலோமீற்றர் என்றால் சுமார் 77 சதம். விலைகள் மாறும், உங்கள் கடைக்காரர் சொல்லும் தொகையைப் போட்டு நீங்களே பிரித்துப் பாருங்கள். சரக்கு வாங்கும்போது சதக் கணக்குப் பார்க்கும் நாம், வாகனத்துக்கும் அதையே பார்க்கவேண்டும்.

வாங்கும்போது

செசி இலக்கத்தோடு கடைக்கு வாருங்கள். "110 கொரோல்லா" என்று மட்டும் சொன்னால் போதாது. ஒரே பெயரில் கார் வேறு, வேகன் வேறு. 110 காரின் பின்னால் இருப்பது ஸ்ட்ரட். ஸ்பிரிங் அதைச் சுற்றி அமர்ந்திருக்கும், வலமும் இடமும் வேறுபடும். லீஃப் ஸ்பிரிங் உள்ள சரக்கு வேனில் ஷொக் தனியாக நிற்கும். கழற்றிய பழையதையும் கொண்டுவந்தால், நீளம், பிரேக் குழாய் மாட்டும் இடம் எல்லாவற்றையும் ஒப்பிடலாம்.

கேஸ் ஷொக் பாரம் தூக்கும் என்பது தவறான எண்ணம். உள்ளேயுள்ள நைதரசன், ஒயில் நுரைக்காமல் காப்பதற்கே. மோசமான பாதையில் நீண்ட தூரம் ஓடுபவருக்கு அது நல்லது. சற்று இறுக்கமாக இருக்கும். நகரத்துக்குள் மெதுவாக ஓடுபவருக்கு ஒயில் வகையே போதும்.

கயாபா, மொன்றோ போன்ற பெயர்களில் போலிகளும் உலாவுகின்றன. நம்பகமான இடத்தில், இலக்கம் எழுதிய பில்லோடு வாங்குங்கள். பில் தரத் தயங்குபவரிடம் உத்தரவாதம் எதிர்பார்க்க முடியாது.

ஒன்றை மட்டும் மாற்றவேண்டாம், சோடியாக மாற்றுங்கள். ஒரு பக்கம் புதிது, மறுபக்கம் பழையது என்றால் வளைவில் வாகனம் இரண்டு விதமாக நடக்கும். மேலுள்ள இறப்பர் மவுண்ட், தூசி உறை, பம்ப் ஸ்டொப் ஆகியவற்றையும் பார்த்து, வெடித்திருந்தால் அப்போதே மாற்றிவிடுங்கள். பிறகு மாற்றப்போனால் கூலி இரட்டிப்பாகும்.

பூட்டும்போது

ஸ்ட்ரட் என்றால் ஸ்பிரிங்கை அமுக்கிப் பிடிக்கும் கருவியுள்ள கராஜுக்கே போங்கள். அமுங்கிய ஸ்பிரிங் நழுவினால் ஆளையே அடித்துவிடும். ஷொக்கின் பளபளப்பான தண்டைக் குறட்டால் பிடிக்க விடாதீர்கள். ஒரு கீறல் போதும், சீல் கிழிந்து ஒயில் கசிய. இறப்பர் புஷ் உள்ள நட்டுகளை, சில்லு நிலத்தில் நின்று வாகனத்தின் பாரம் அதன்மேல் வந்த பிறகே இறுதியாக இறுக்கவேண்டும். தொங்கிய நிலையில் இறுக்கினால் புஷ் முறுக்கேறி விரைவில் கிழியும். ஸ்ட்ரட் மாற்றிய பின் வீல் எலைன்மன்ட் பார்த்துவிடுங்கள்.

உதிரிப்பாகம் விற்கும் சகோதரர்களுக்கும் ஒரு வார்த்தை. ஸ்பிரிங் போன வாகனத்துக்கு ஷொக் கேட்டு வருபவருக்கு ஷொக்கை விற்றால் இன்றைய கல்லா நிரம்பும். "முதலில் ஸ்பிரிங்கைப் பாருங்கள்" என்று திருப்பி அனுப்பினால், அவர் அடுத்த முறை கிளட்ச் பிளேட்டுக்கும் உங்களிடமே வருவார். வாங்குபவரும் அப்படிச் சொல்லும் கடைக்காரரையே தேடிப் பிடித்துக்கொள்ளட்டும்.