எதை வைத்து ஆள் சேர்த்தாய்?

அன்புள்ள தம்பிக்கு,

உன் ஆய்வேட்டு வரைவைப் படித்தேன். பதிவறையில் தூசு தட்டி எடுத்த பழைய கேஸ் ஷீட்டுகள் என்பதால் முகப்பில் ‘கேஸ் கண்ட்ரோல்’ என்று போட்டுவிட்டாய். ஆனால் நீ செய்திருப்பது என்ன? கர்ப்பத்தில் ரத்தசோகை இருந்தவர்கள், இல்லாதவர்கள் என்று முதலில் பிரித்துக்கொண்டாய். பிறகு யாருக்குக் குழந்தை எடை குறைந்து பிறந்தது என்று பார்த்தாய். அது கோஹார்ட். காகிதம் பழசானால் வகை மாறிவிடாது.

ஆளை எதை வைத்துச் சேர்த்தாய் என்பதுதான் கேள்வி. நோயை வைத்தா, காரணமென்று சந்தேகிப்பதை வைத்தா? முதலாவது கேஸ் கண்ட்ரோல், இரண்டாவது கோஹார்ட்.

நோய்ப்பரவலியல் ஆய்வாளர் ரிச்சர்ட் டால் இரண்டையும் செய்தவர். 1950இல் பிராட்ஃபோர்ட் ஹில்லோடு சேர்ந்து, லண்டன் மருத்துவமனைகளில் 709 நுரையீரல் புற்று நோயாளிகளிடமும், கண்ட்ரோல்களாகப் புற்றில்லாத 709 நோயாளிகளிடமும் புகைப்பழக்கத்தை விசாரித்த ஆய்வை வெளியிட்டார். அவர்களில் ஆண்கள் பக்கத்துக்கு 649 பேர். அந்த ஆண்களில் புகைக்காதவர்கள் புற்று நோயாளிகள் பக்கம் 2, கண்ட்ரோல்கள் பக்கம் 27. ஆட்ஸ் ரேஷியோ போட்டுப் பார், 14 வரும். எனக்குப் பிடித்த இடம் வேறு. புற்று என்று நினைத்து விசாரித்த சிலருக்குப் பின்னால் அது இல்லையென்று தெரிந்தது. அவர்கள் புகைப்பழக்கம் கண்ட்ரோல்களை ஒத்திருந்தது. கேட்டவர்கள் நோயாளியைத் துருவிக் கேட்டதால் வந்த வித்தியாசம் இல்லை என்பதற்கு அதைவிட நல்ல சாட்சி வேண்டுமா?

அடுத்த வருடமே பிரிட்டிஷ் மருத்துவர்களுக்குக் கடிதம் போட்டார்கள். 40,000 பேருக்கு மேல் பதில் எழுதினார்கள். யார் புகைக்கிறார் என்று குறித்துக்கொண்டு, 50 வருடம் மரணங்களை எண்ணினார்கள். இது கோஹார்ட் என்பதில் யாருக்கும் குழப்பமில்லை.

உன் ஆய்வுக்கு அண்ணன் 1955இல் வந்தது. கல்நார் ஆலையில் 20 வருடமாவது வேலை பார்த்த 113 பேரைப் பழைய பதிவேடுகளிலிருந்து டால் எடுத்தார். நுரையீரல் புற்றில் 0.8 மரணம் எதிர்பார்க்கலாம், இறந்தவர்கள் 11. திரும்பிப் பார்த்த கோஹார்ட்.

பெயரில் என்ன இருக்கிறது என்பாய். நானும் அப்படித்தான் இருந்தேன். என் வைவாவில் 60 வாய்ப்புற்று நோயாளிகள், 60 கண்ட்ரோல்கள். புகையிலை மென்றவர்கள் முதல் பக்கம் 40, அடுத்த பக்கம் 20. மெல்லுகிறவர்களில் நூற்றுக்கு 67 பேருக்குப் புற்று வரும் என்று எழுதிவைத்திருந்தேன். வெளித்தேர்வாளர் அதைப் பென்சிலால் வட்டமிட்டு, “ஒரு நோயாளிக்கு நாலு கண்ட்ரோல் எடுத்திருந்தால்?” என்றார். அங்கேயே போட்டுப் பார்த்தேன்: 120க்கு 40. 67 என்பது 33 ஆகிவிட்டது. ஊரில் நோய் குறையவில்லை, நான் கூப்பிட்ட தலைகள்தான் கூடின. ஆட்ஸ் ரேஷியோ மட்டும் இரண்டு முறையும் 4இலேயே நின்றது. காது சிவந்துதான் வெளியே வந்தேன்.

கேஸ் கண்ட்ரோலில் தலைகளை நாமே தீர்மானிப்பதால் நூற்றுக்கணக்கு சொல்ல முடியாது; உன்னுடையது கோஹார்ட், உனக்கு அந்தத் தடை இல்லை. நூற்றுக்கு எத்தனை என்று நீ தாராளமாகச் சொல்லலாம்; ரிலேட்டிவ் ரிஸ்க் போடு. முகப்பை மாற்று. திங்கட்கிழமை வரும்போது, ஹீமோகுளோபின் எழுதாத கேஸ் ஷீட்டுகளை என்ன செய்தாய் என்று கேட்பேன். ஒதுக்கியிருந்தால் அவற்றையும் எடுத்து வா.

அன்புடன்,
உன் ஆசிரியர்