ஓ.டி. என்றால் என்ன?

"இந்த வாரம் ஓ.டி. பார்த்தேன்."

திருப்பூரில் பனியன் கம்பெனி வாசலில் நின்றால் இந்தப் பேச்சு காதில் விழும். படித்தவர், படிக்காதவர் எல்லோரும் சொல்கிறார்கள்.

ஓ.டி. என்பது சுருக்கம். முழுச் சொல் ஓவர்டைம். இது ஆங்கிலச் சொல். ஓவர் என்றால் தாண்டி. டைம் என்றால் நேரம். வேலை நேரத்தைத் தாண்டிச் செய்யும் வேலை ஓவர்டைம். அதற்குக் கிடைக்கும் கூலிக்கும் அதே பெயர்தான். "ஓ.டி. பார்த்தேன்" என்றால் வேலை. "ஓ.டி. வாங்கினேன்" என்றால் பணம். அரசாங்கக் காகிதத்தில் மிகைநேரப் பணி என்று எழுதுவார்கள். கம்பெனி வாசலில் அப்படிச் சொன்னால் சிரிப்பார்கள்.

திருப்பூரில் இன்னொரு பேச்சும் உண்டு. அது ஒன்றரை ஷிப்ட். ஒரு ஷிப்ட் 8 மணி நேரம். அரை ஷிப்ட் 4 மணி நேரம். ஆக, 12 மணி நேர வேலை. இந்த அரை ஷிப்ட்தான் ஓ.டி.

செல்வி என்று ஒரு தையல் தொழிலாளி இருப்பதாக வைத்துக்கொள்வோம். வாரம் 6 நாள் வேலை. ஷிப்டுக்குக் கூலி 480 ரூபாய். புதன்கிழமை ஒன்றரை ஷிப்ட் பார்த்தாள். சனிக்கிழமை சம்பளச் சீட்டு வந்தது. முன்பெல்லாம் கைநாட்டு வைப்பாள். பணத்தை முந்தானையில் முடிந்துகொண்டு போய்விடுவாள். இந்தத் தடவை சீட்டை எழுத்துக்கூட்டிப் படித்தாள்.

புதன், 720 ரூபாய்.

பக்கத்து மெஷின் அக்காவிடம் காட்டினாள்.

"ஒன்றரை ஷிப்டுக்கு ஒன்றரைக் கூலி. சரிதானுங்க அக்கா?"

"கூட்டல் சரிதான் கண்ணு. ஆனா சட்டம் வேற சொல்லுது."

அக்கா சொன்னது உண்மை. ஓ.டி.க்கு இரண்டு மடங்கு கூலி தர வேண்டும். 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டத்திலேயே இது இருந்தது. 2025 நவம்பரில் நடைமுறைக்கு வந்த புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்புகளும் இதையே சொல்கின்றன.

இருவரும் கணக்குப் போட்டார்கள். 8 மணி நேரத்துக்கு 480 ரூபாய். 1 மணி நேரத்துக்கு 60 ரூபாய். ஓ.டி. என்றால் அது 120 ரூபாய். 4 மணி நேர ஓ.டி.க்கு 480 ரூபாய். அன்றைய கூலியோடு சேர்த்தால் 960 ரூபாய்.

அதாவது ஒன்றரை ஷிப்டுக்கு இரண்டு ஷிப்ட் கூலி வர வேண்டும். செல்விக்கு 240 ரூபாய் குறைந்திருந்தது. அதுவும் ஒரே நாளில்!

"இன்னைக்கு ஓ.டி. இருக்கு, யாரும் போகக்கூடாது" என்று சூப்பர்வைசர் சொல்வதும் உண்டு. புதிய சட்டத்தின்படி ஓ.டி.க்குத் தொழிலாளியின் சம்மதம் வேண்டும்.

திங்கட்கிழமை செல்வி சீட்டை எடுத்துக்கொண்டு கம்பெனி ஆபீசுக்குப் போனாள். அக்காவும் கூடப் போனாள்.

"சார், ஓ.டி. எத்தனை மணி, மணிக்கு எவ்வளவுன்னு தனியா எழுதிக் குடுங்க" என்று கேட்டாள்.

கணக்குப் போடுங்கள்:
8 மணி நேர வேலைக்குக் கூலி 400 ரூபாய். 2 மணி நேரம் ஓ.டி. பார்த்தால் அன்று மொத்தம் எவ்வளவு வர வேண்டும்?