ஓவுலேஷன் கிட்: வாங்கும் முன் தெரிந்துகொள்ளுங்கள்

கல்யாணமாகி நாலு மாசம் ஆனாலே "என்னம்மா, விசேஷம் ஏதாச்சும் உண்டா?" என்ற கேள்வி ஆரம்பித்துவிடும். காஞ்சிபுரம் ஏகாம்பரநாதர் கோயில் மாமரத்தைச் சுற்றி வந்து பிள்ளை வரம் கேட்கும் தம்பதிகளும் உண்டு. போனில் தேடி ஓவுலேஷன் கிட் ஆர்டர் போடும் தம்பதிகளும் உண்டு. இரண்டையும் செய்பவர்களும் உண்டு. வேண்டுதல் அவரவர் நம்பிக்கை. கிட் மட்டும் எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்து பயன்படுத்த வேண்டிய பொருள். தெரியாமல் பயன்படுத்தினால் பணமும் போகும், மாதமும் போகும்.

கிட் எதைக் காட்டுகிறது?

பெண்ணின் சினைப்பையிலிருந்து மாதம் ஒரு கருமுட்டை வெளிவருகிறது. இதுதான் ஓவுலேஷன். அதற்கு முன் எல்.ஹெச். என்ற ஹார்மோன் திடீரென ஏறும். ஏறிய 24 முதல் 36 மணி நேரத்துக்குள் பெரும்பாலும் முட்டை வெளிவந்துவிடும். சிறுநீரில் இந்த ஹார்மோன் ஏறுவதைத்தான் ஸ்ட்ரிப் காட்டுகிறது.

வெளிவந்த முட்டை 12 முதல் 24 மணி நேரம்தான் உயிரோடு இருக்கும். ஆனால் விந்தணு பெண்ணின் உடலில் 5 நாள் வரை தாக்குப்பிடிக்கும். அதனால் கருத்தரிக்க வாய்ப்புள்ள நாட்கள் மொத்தம் 6: முட்டை வெளிவரும் நாளும் அதற்கு முந்தைய 5 நாட்களும். அமெரிக்காவின் வட கரோலினாவில் 221 பெண்களிடம் நடந்து 1995-இல் வெளியான ஆய்வு இதைத் தெளிவாகக் காட்டியது.

எந்த நாளில் ஆரம்பிப்பது?

"பதினாலாம் நாள்தான் முட்டை வரும்" என்று பலர் சொல்வார்கள். 28 நாள் சுழற்சி உள்ளவருக்கு அது ஓரளவு பொருந்தும், எல்லோருக்கும் பொருந்தாது. முட்டை வெளிவந்த பிறகு அடுத்த மாதவிலக்கு வரை சுமார் 14 நாட்கள். எனவே பின்னாலிருந்து எண்ண வேண்டும்.

கடந்த 6 மாதங்களில் உங்களுடைய மிகக் குறைந்த சுழற்சி எத்தனை நாள் என்று பாருங்கள். அதிலிருந்து 17-ஐக் கழியுங்கள். அந்த நாளில் டெஸ்டைத் தொடங்கலாம்.

26 நாள் சுழற்சி: 9-ஆம் நாள்
28 நாள் சுழற்சி: 11-ஆம் நாள்
30 நாள் சுழற்சி: 13-ஆம் நாள்
33 நாள் சுழற்சி: 16-ஆம் நாள்

மாதவிலக்கு தொடங்கிய நாள்தான் 1-ஆம் நாள். ஒருவருக்கு மார்ச் 3-ஆம் தேதி தொடங்கியது, சுழற்சி 30 நாள் என்றால், மார்ச் 15-ஆம் தேதி முதல் டெஸ்ட் செய்ய வேண்டும்.

டெஸ்ட் செய்யும் முறை

1. உறையில் காலாவதி தேதியைப் பாருங்கள். டெஸ்ட் செய்யும்போது மட்டும் உறையைப் பிரியுங்கள்.
2. மதியத்துக்கும் மாலைக்கும் இடையில், தினமும் ஒரே நேரத்தில் செய்யுங்கள். உங்கள் கிட்டில் வேறு நேரம் சொல்லியிருந்தால் அதைப் பின்பற்றுங்கள்.
3. அதற்கு 2 மணி நேரம் முன்பிருந்து அதிகமாகத் தண்ணீர் குடிக்க வேண்டாம். சிறுநீர் நீர்த்துப்போனால் கோடு மங்கலாகத் தெரியும்.
4. ஸ்ட்ரிப்பில் உள்ள எல்லைக் கோட்டைத் தாண்டாமல் சிறுநீரில் நனைத்து, சமமான இடத்தில் வையுங்கள்.
5. கிட்டில் சொன்ன நிமிடத்துக்குள் பாருங்கள். அதன்பிறகு தெரியும் கோட்டைக் கணக்கில் எடுக்கக் கூடாது.
6. போனில் ஒரு போட்டோ எடுத்து வையுங்கள். நாளுக்கு நாள் கோடு எப்படி மாறுகிறது என்று ஒப்பிடலாம், மருத்துவரிடமும் காட்டலாம்.

இங்கேதான் பலருக்குக் குழப்பம் வரும். கர்ப்பம் பார்க்கும் கிட்டில் இரண்டாவது கோடு மங்கலாக வந்தாலும் அது பாசிட்டிவ். ஓவுலேஷன் கிட்டில் அப்படி இல்லை. டெஸ்ட் கோடு, கன்ட்ரோல் கோட்டின் அளவுக்கு அழுத்தமாக, அல்லது அதைவிட அழுத்தமாக இருந்தால்தான் பாசிட்டிவ். கிராம சுகாதார செவிலியர் மூலம் கிடைக்கும் 'நிஷ்சய்' கிட் கர்ப்பம் பார்ப்பதற்கானது. ஓவுலேஷன் பார்க்க அது உதவாது.

பாசிட்டிவ் வந்தால்?

அன்றும் மறுநாளும் தம்பதியர் சேர்ந்திருப்பது நல்லது. பாசிட்டிவ் வரட்டும் என்று காத்திருக்கவும் தேவையில்லை. டெஸ்ட் தொடங்கிய நாளிலிருந்தே இரண்டு நாளுக்கு ஒருமுறை சேர்ந்திருந்தால் போதும்.

முகூர்த்த சீசனில் ராத்திரி வரை தறியில் உட்காருபவர்கள், ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் கம்பெனிகளில் நைட் ஷிப்ட் போகிறவர்கள், வேலைக்காக வெளியூரில் தங்குபவர்கள் எல்லோருக்கும் இந்த ஆறு நாள் கணக்கு கைகொடுக்கும். ஆடி மாதம் புதுப்பெண்ணை அம்மா வீட்டுக்கு அழைத்துப்போகும் வழக்கமும் உண்டு. அந்த மாதம் கரு நிற்கவில்லை என்றால் அதில் கவலைப்பட ஒன்றுமில்லை.

கிட் மந்திரம் அல்ல. 2023-இல் வெளியான காக்ரேன் ஆய்வுத் தொகுப்பின்படி, சிறுநீர் டெஸ்ட் இல்லாமல் கருத்தரிக்கும் வாய்ப்பு 18 சதவீதம் என்றால், டெஸ்ட் பார்த்து நாள் கணக்கிடும்போது அது 20 முதல் 28 சதவீதமாக உயரலாம். பலன் உண்டு, ஆனால் அளவானது.

யாருக்குத் தவறாகக் காட்டும்?

பி.சி.ஓ.எஸ். உள்ளவர்களுக்கு எல்.ஹெச். எப்போதுமே கூடுதலாக இருக்கலாம். முட்டை வெளிவராமலே பாசிட்டிவ் காட்டும். மாதவிலக்கு நிற்கும் வயதை நெருங்குபவர்களுக்கும் அப்படித்தான். கருத்தரிப்புக்காக மாத்திரை, ஊசி எடுப்பவர்கள் மருத்துவரைக் கேட்டே டெஸ்ட் செய்ய வேண்டும்.

கருக்குழாயில் அடைப்பு உண்டா, விந்தணு எப்படி இருக்கிறது என்பதையெல்லாம் கிட் சொல்லாது. முட்டை நிச்சயமாக வெளிவந்ததா என்பதைக்கூட ஸ்கேன் அல்லது ரத்தப் பரிசோதனைதான் உறுதி செய்யும். கர்ப்பத்தைத் தவிர்க்க இந்த கிட்டை நம்பவே வேண்டாம்.

கணவருக்கும் பரிசோதனை வேண்டும்

குழந்தை தள்ளிப்போனால் மருமகளை மட்டும் ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாக அழைத்துப்போவது இன்னும் நடக்கிறது. மாதாமாதம் ஸ்ட்ரிப் பாசிட்டிவ் வந்தும் கரு நிற்கவில்லை என்றால், காரணம் கணவரிடமும் இருக்கலாம். விந்துப் பரிசோதனை வலி இல்லாதது, எளிது. பெண்ணுக்குச் செலவும் வலியும் தரும் பரிசோதனைகளுக்குப் போகும் முன் இதைச் செய்துவிடுங்கள். விந்தணு உருவாகி முதிர ஏறக்குறைய இரண்டரை மாதம் ஆகும். அதனால் புகை, மது, புகையிலையை இன்றைக்கு விட்டால் பலன் தெரிய மூன்று மாதம் பொறுக்க வேண்டும்.

எப்போது மருத்துவரைப் பார்ப்பது?

* மனைவிக்கு 35 வயதுக்குள் என்றால், ஒரு வருடம் முயன்றும் கரு நிற்காதபோது.
* 35 வயதும் அதற்கு மேலும் என்றால், 6 மாதத்தில்.
* சுழற்சி 21 நாளுக்குக் குறைவாகவோ 35 நாளுக்கு அதிகமாகவோ இருந்தால், மாதவிலக்கில் கடும் வலி இருந்தால், முன்பு காசநோய் வந்திருந்தால், தைராய்டு கோளாறு இருந்தால், காத்திருக்காமல் உடனே.

முதலில் அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்துக்கோ காஞ்சிபுரம் அரசு தலைமை மருத்துவமனைக்கோ இருவரும் சேர்ந்து போங்கள். சந்தேகம் கேட்க 104 என்ற எண்ணை அழைக்கலாம். முயற்சி தொடங்கும்போதே ஃபோலிக் அமில மாத்திரை பற்றி மருத்துவரிடம் கேளுங்கள். தினமும் 400 மைக்ரோகிராம் என்பது பொதுவான அளவு.

தனியார் கருத்தரிப்பு மையத்துக்குப் போவதானால், 2021-ஆம் ஆண்டின் செயற்கைக் கருத்தரிப்பு ஒழுங்குமுறைச் சட்டப்படி அது பதிவு பெற்றதா என்று பணம் கட்டும் முன் கேளுங்கள். ஆண் குழந்தைக்கு உத்தரவாதம் என்று யாராவது சொன்னால் அங்கே நிற்காதீர்கள். கருவின் பாலினத்தைத் தேர்வு செய்வதும் தெரிவிப்பதும் 1994-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம்.

மாதவிலக்கு ஆப் பயன்படுத்துபவர்களுக்கு

நாள் குறித்துவைக்க ஆப் வசதிதான். ஆனால் அது சொல்லும் ஓவுலேஷன் தேதி பழைய மாதங்களை வைத்துப் போடும் கணக்கு மட்டுமே. உங்கள் விவரம் எங்கே போகிறது என்பதையும் பாருங்கள். பயனாளர்களின் உடல்நல விவரங்களை மற்ற நிறுவனங்களுக்குத் தந்ததாக 'ஃப்ளோ' ஆப் மீது அமெரிக்க வர்த்தக ஆணையம் எடுத்த நடவடிக்கை 2021-இல் சமரசத்தில் முடிந்தது. இன்ஸ்டால் செய்யும்போது தொடர்பு எண்கள், இருப்பிடம் ஆகியவற்றுக்கு அனுமதி கேட்டால் மறுத்துவிடுங்கள். போனில் உள்ள சாதாரண காலண்டரே போதும்.

மாதவிலக்கு தள்ளிப்போனால்

கர்ப்ப கிட்டில் பாருங்கள். பாசிட்டிவ் என்றால் 12 வாரத்துக்குள் செவிலியரிடமோ picme இணையதளத்தில் நீங்களாகவோ பதிவு செய்து பிக்மி எண்ணைப் பெறுங்கள். குழந்தையின் பிறப்புச் சான்றிதழுக்கும், தகுதியுள்ள தாய்மார்களுக்கான டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவிக்கும் இந்த எண் தேவைப்படும்.